அப்பத்தாவிடம் எப்படிக் கேட்பது?

கேள்வி: என் அப்பத்தா 1937-இல் பிறந்தவர்; இப்போது 88 வயது. காரைக்குடிக்குப் பக்கத்து ஊரில், ஒரு காலத்தில் நாற்பது பேர் இருந்த எங்கள் வளவு வீட்டில், முப்பது ஆண்டுகளாகக் கூடவே இருக்கும் உதவிக்கார அம்மா ஒருவருடன் வசிக்கிறார். எங்கள் பங்காளிகள் அத்தனை பேருக்கும் அவர்தான் ஏடு. யாருக்கு யார் என்ன முறை, முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கு என்னென்ன வைக்க வேண்டும், எந்தக் கல்யாணத்தில் யாருக்கு என்ன செய்தோம் என்று கேட்டால் தடங்கலில்லாமல் சொல்வார். சென்ற தை மாதம் உறவில், வயது நிறைவுக்காக நடந்த ஒரு சாந்திக் கல்யாணத்தில், மண்டபத்தில் வைத்து யாரோ ஒரு முறையைப் பற்றிக் கேட்க, ஒரே மாதிரி ஒலிக்கும் இரண்டு பெயர்களைக் குழப்பிக்கொண்டு வேறொரு வீட்டுச் செய்தியைச் சொல்லிவிட்டார். சுற்றியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள், நானும் சிரித்தேன். அன்றிலிருந்து எதைக் கேட்டாலும் "எனக்கென்ன தெரியும், போனிலே பாத்துக்கங்க" என்கிறார். காலையில் சாப்பிட்டதை மறக்கிறார். ஒரே கேள்வியை இரண்டு மூன்று முறை கேட்கிறார். ஆனால் சின்ன வயதுச் செய்திகள் நன்றாக நினைவிருக்கின்றன. அவரைச் சென்னைக்கு அழைத்துவந்துவிடலாம் என்று அப்பச்சி (என் அப்பா) சொல்கிறார். சிங்கப்பூரில் இருக்கும் தம்பி, எல்லாவற்றையும் வீடியோவில் பதிவுசெய்துவிட வேண்டும் என்று நூறு கேள்விகள் கொண்ட பட்டியல் ஒன்றை அனுப்பியிருக்கிறான். போனை முன்னால் வைத்தால் அப்பத்தா வாயே திறப்பதில்லை. இது மறதி நோயா? அழைத்து வரலாமா? பேசச் சொல்லிக் கட்டாயப்படுத்துவது சரியா?
- ஒரு வாசகி, சென்னை

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

முதியோர் நல மருத்துவராகக் காரைக்குடிப் பகுதியில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பணியாற்றிவரும் எனக்கு, உங்கள் கடிதத்தில் உள்ளதைப் போன்ற வீடுகள் புதியவை அல்ல. முகப்பிலிருந்து பின்கட்டு வரை ஒரு தெருவின் நீளம் இருக்கும். இரவில் விளக்கெரிவது ஓர் அறையில் மட்டும்தான். அத்தகைய வீடுகளிலிருந்து எனக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை, மறதி வந்துவிட்டது, மருந்து சொல்லுங்கள் என்று முடிந்துவிடும். நீங்கள் "நானும் சிரித்தேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதை மறைக்காமல் எழுதியதால்தான், மருந்துச் சீட்டுக்கு அப்பாலும் உங்களுக்குப் பயன்படும் சிலவற்றைச் சொல்ல எனக்கு இடம் கிடைத்திருக்கிறது.

அந்த மண்டபத்திலிருந்தே தொடங்குகிறேன். நாகஸ்வரமும் தவிலும் ஒலிபெருக்கியும் நூறு பேருடைய பேச்சும் கலந்த இடத்தில் ஒருவர் உங்கள் அப்பத்தாவிடம் ஒரு பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறார். வயதாக ஆக, காதில் முதலில் தேய்வது உயர்ந்த சுருதியுள்ள ஒலிகளைப் பிடிக்கும் திறன். அதனால் உயிரொலிகள் கேட்கும், சகரம் தகரம் ககரம் போன்ற மெய்யொலிகள் நழுவிவிடும். பேசுகிறார்கள் என்பது தெரியும், என்ன பேசுகிறார்கள் என்பது தெளியாது. இரைச்சலில் இது பல மடங்கு கூடும். ஒரே மாதிரி ஒலிக்கும் இரண்டு பெயர்களில் ஒன்றைச் சொன்னபோது மற்றொன்றாக அது அவர் காதில் விழுந்திருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. அவர் சொன்னது வேறொரு வீட்டுச் செய்தி என்றுதான் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள், தவறான செய்தி என்று எழுதவில்லை. அந்த இன்னொரு வீட்டைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரிதானா என்று யாராவது விசாரித்துப் பார்த்தீர்களா? சரியென்றால், வேறாகக் கேட்ட கேள்விக்கு அவர் பிழையில்லாத விடையைத்தான் சொல்லியிருக்கிறார், அன்று பிழைத்தது நினைவு அன்று.

ஆகவே முதல் வேலையாகக் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் அழைத்துச் சென்று, காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று பார்த்து, செவித்திறன் பரிசோதனையும் செய்துவிடுங்கள். வீட்டில் எண்ணெய் காய்ச்சி விட வேண்டாம். காது கேட்கும் கருவி தேவை என்று சொன்னால், "இந்த வயதில் எதற்கு" என்ற பேச்சுக்கு இடம் கொடுக்காதீர்கள். செவித்திறன் குறைவைக் கவனிக்காமல் விடுவது பிற்காலத்தில் அறிவாற்றல் தேய்வதற்கான காரணிகளுள் ஒன்று என்பது இன்று உலக அளவில் ஏற்றுக்கொள்ளப்பட்ட முடிவு. கண்புரையையும் அதே பயணத்தில் பார்த்துவிடலாம். எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்க்க முடிகிறவருக்குக் காதின் பாரம் பாதி குறையும்.

அடுத்தது, மறதி. காலையில் சாப்பிட்டதை மறப்பதும் ஒரே கேள்வியைத் திரும்பக் கேட்பதும் நான் அலட்சியப்படுத்தக்கூடிய அறிகுறிகள் அல்ல; ஆனால் அவற்றை மட்டும் வைத்து மறதி நோய் என்று முடிவுகட்டவும் மாட்டேன். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, இரத்தத்தில் சோடியம் இறங்குவது, இரத்தசோகை ஆகிய நான்கும் முதியவர்களை மறதி நோயாளிகளைப் போலவே காட்டக்கூடியவை. நான்குக்கும் இரத்தப் பரிசோதனை உண்டு, நான்கையும் சரிசெய்ய முடியும். அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும், பக்கத்துக் கடையில் தானாக வாங்கும் தூக்க மாத்திரை, சளி மாத்திரை உட்பட, ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் கொண்டு போங்கள். அவற்றில் சில, முதியவர்களின் மூளையை மந்தமாக்கும். ஓரிரு நாளில் திடீரென்று குழப்பம் கூடினால் அது மறதி நோய் அன்று. சிறுநீர்த் தொற்று போன்ற உடனடிக் காரணம் ஏதோ இருக்கிறது என்று பொருள், அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கடைசியாக, மனச்சோர்வு. தை மாதம் வரை பேசியவர் ஒரே நாளில் பேச்சை நிறுத்தியிருக்கிறார் என்பதால், மருத்துவரிடம் இதைத்தான் நீங்கள் முதலில் சொல்ல வேண்டும்.

இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதத்தினர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், மறதி நோயுடன் வாழ்கிறார்கள் என்று 2023-இல் வெளிவந்த நாடு தழுவிய ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது. வயது ஏற ஏற இந்த விகிதமும் ஏறும் என்பதால் 88 வயதில் அந்த வாய்ப்பை ஒதுக்கிவிட முடியாது. பெயரை மறப்பதைக் காட்டிலும், பழகிய வேலையின் வரிசை தவறுவதுதான் என்னைக் கவலைப்படுத்தும். அவர் இன்னும் சாவிக்கொத்தை இடுப்பில் வைத்திருக்கிறாரா, எந்தச் சாவி எந்த அறைக்கு என்று தடுமாறாமல் எடுக்கிறாரா, பணியார மாவில் எதற்குப் பின் எதைச் சேர்ப்பது என்று தெரிகிறதா, இரண்டாம் கட்டிலிருந்து முகப்புக்கு வரும் வழியில் தயங்கி நிற்கிறாரா என்று உதவிக்கார அம்மாவிடம் கேளுங்கள். நான் என் மேசையில் வைத்துச் செய்யும் பரிசோதனையைவிட இந்த விடைகள் எனக்கு அதிகம் உதவும். கடிகாரம் வரையச் சொல்லும் பரிசோதனை, பள்ளிக்கூடம் அதிகம் போகாத ஆச்சிமாருக்குப் பொருந்தாத ஒன்று.

பரிசோதனைகள் எல்லாம் முடிந்து, மறதி நோயின் தொடக்கம்தான் என்றே தெரியவந்தால்கூட, உங்கள் அப்பத்தாவிடமிருந்து கேட்பதற்கு ஒன்றுமில்லை என்று ஆகிவிடாது. புதிய செய்திகளைப் பதியவைக்கும் வேலையைச் செய்வது மூளையில் ஹிப்போகேம்பஸ் என்னும் சிறு பகுதி. பெரும்பாலானவர்களுக்கு இந்நோய் அங்கும் அதன் அக்கம்பக்கத்திலும்தான் முதலில் கைவைக்கிறது. எனவே காலைப் பலகாரம் பதியாமல் போகிறது. எழுபது ஆண்டுகளுக்கு முன் பதிந்து, பலமுறை எடுத்துச் சொல்லிப் புழங்கிய செய்தியோ மூளையின் வேறு பல இடங்களில் பரவிக் கிடப்பதால் நெடுங்காலம் தாக்குப்பிடிக்கிறது. எல்லாரிடமும், நோய் இல்லாதவர்களிடமும், பத்து வயது முதல் முப்பது வயது வரை நடந்தவையே மிகத் தெளிவாக நிற்கின்றன என்பது நினைவாற்றலை ஆய்ந்தவர்கள் திரும்பத் திரும்பக் கண்ட செய்தி.

உங்கள் அப்பத்தாவுக்கு அந்தக் காலம் 1947 முதல் 1967 வரை. காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் கல்லூரி தொடங்கிய 1947-இல் அவர் பத்து வயதுச் சிறுமி. மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் 1953-இல் திறக்கப்பட்டபோது பதினாறு. 1957 ஏப்ரலில் அணாக்கணக்கு போய் நயா பைசா வந்தபோது இருபது. பர்மாவில் 1948-க்குப் பின் நிலங்களும், 1963 முதல் வங்கிகளும் வணிகமும் அரசுடைமையாகி, அங்கே தொழில் செய்த நம் ஊர்க்காரர்களில் மிச்சமிருந்தவர்களும் ஊர் திரும்பியபோது அவர் பிள்ளைகளை இடுப்பில் வைத்திருந்த இளம் தாய். ஆகவே எந்த வருடம் என்று அவரிடம் கேட்காதீர்கள், வருடம் சொல்லும் நினைவு யாருக்கும் குறைவு. அழகப்பா கல்லூரி வந்தபோது நீங்கள் எவ்வளவு பெரிய பிள்ளை, நயா பைசா வந்த புதிதில் கடைக்காரர் கணக்கில் ஏமாற்றினாரா என்று கேட்டுப் பாருங்கள். ஒரு கொக்கியில் மாட்டினால்தான் பானை மேலே வரும்.

இப்போது தம்பியின் பட்டியலுக்கு வருகிறேன். அவருடைய அக்கறையை நான் மதிக்கிறேன். தொலைவில் இருப்பவர்களுக்குக் காலம் போகிறதே என்ற தவிப்பு கூடுதலாகவே இருக்கும். ஆனால் அந்த நூறு கேள்விகளை ஒதுக்கி வைத்துவிடச் சொல்லுங்கள். நினைவு என்பது பெட்டகத்தில் அடுக்கி வைத்த சாமான் அன்று, சாவியைத் திருப்பி ஒரே நாளில் வெளியே பரப்பிவிட. யாரோ ஒருவருக்குத் தேவைப்பட்டு, அவர் கேட்க, கேட்டவரின் முகம் பார்த்துச் சொல்லும்போதுதான் முதியவர்களிடம் அது உருவாகி வருகிறது. இத்தனை ஆண்டுகளாக உங்கள் அப்பத்தாவிடம் பங்காளிகள் கேட்டது பதிவுக்காக அன்று. நாளைக்குப் படைப்பு, இன்றைக்குள் தெரிய வேண்டும் என்பதற்காகக் கேட்டார்கள். அவர் சொல்லியபடி காரியம் நடந்தது. அந்த இடத்திலிருந்து அவரை நாம் இறக்கிவிட்டு, கருவியின் முன் உட்கார வைத்து, போவதற்குள் சொல்லிவிடுங்கள் என்று கேட்கிறோம். நாம் அப்படி வெளிப்படையாகச் சொல்லாவிட்டாலும் அவருக்குக் கேட்பது அதுதான். இதைக் கேட்க மட்டும் காது மந்தமாவதே இல்லை.

நாடு விடுதலை பெற்ற காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் 32 ஆண்டுகளை ஒட்டியே இருந்தது. இன்று 70-ஐத் தொட்டிருக்கிறது. அன்றைய சராசரியைக் கீழே இழுத்தவை பெரும்பாலும் குழந்தைச் சாவுகள் என்றாலும், அறுபதைக் கண்டவர்களும் அன்று குறைவுதான். அறுபதுக்கும் எண்பதுக்கும் சாந்தி செய்து, பேரன் பேத்திகள் காலில் விழுந்து வணங்குவதை நம் ஊர்கள் எவ்வளவு பெரிதாகக் கொண்டாடின என்பதை அந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். இன்று உங்கள் வீட்டில் கொள்ளுப்பேத்திக்குத் தன் கொள்ளுப்பாட்டியோடு உட்கார்ந்து பேசும் வாய்ப்பு இருக்கிறது. ஆயுளை நீட்டித் தரும் வேலையில் மருத்துவம் ஓரளவு வென்றுவிட்டது. நீண்ட அந்த ஆயுளில் முதியவருக்கு என்ன வேலை இருக்கிறது என்ற கேள்விக்கு எங்களிடம் மருந்தில்லை, அதற்குக் குடும்பம்தான் விடை சொல்ல வேண்டும். ஓர் ஆச்சியின் இரத்த அழுத்தத்தை மாதந்தோறும் அளந்து எழுதிக்கொண்டே வந்த நான், அவரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை என்பதை இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் கவனித்தேன். அந்தத் தாமதம் இன்றும் என்னை உறுத்துகிறது. அதனால்தான் உங்களுக்கு இதை இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

என்ன செய்யலாம் என்றால், முதலில் கேள்வியை விட்டுவிட்டுப் பொருளை எடுங்கள். பனையோலைக் கொட்டான் பின்னத் தெரிந்தவரா உங்கள் அப்பத்தா? ஒரு கட்டு ஓலையை வாங்கிவந்து, எனக்கு அடி போட வரவில்லை என்று பக்கத்தில் உட்காருங்கள். கைப்பழக்கமாகக் கற்றவற்றை மூளை தனி வழியில் காக்கிறது. பெயர்கள் தடுமாறும் நிலையிலும் விரல்கள் தடுமாறாதவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். விரல்கள் ஓட ஆரம்பித்ததும் வாயும் தானாகத் திறக்கும். உள்ளறையில் இருக்கும் மங்குச் சாமான்களில் ஒன்றைத் துடைத்து வையுங்கள். அது யாருடைய கல்யாணத்தில் பரப்பிய சாமான், எந்த ஊரிலிருந்து வந்தது என்று அவரே தொடங்குவார். கல்யாணத்தன்று எழுதிய இசைகுடிமானம் என்னும் திருமண ஒப்பந்தமும், யார் என்ன முறை செய்தார்கள் என்று குறித்த பழைய முறைச்சிட்டைகளும், வரவு செலவு ஐந்தொகை எழுதிய பேரேடுகளும் கிடைத்தால் அவர் மடியில் வைத்துப் படித்துக் காட்டுங்கள். சிட்டையில் ஒரு பெயரும் ஒரு தொகையும் இருக்கும். அந்தத் தொகையை அவர்கள் எதை விற்றுக் கொண்டுவந்தார்கள், அந்த வருடம் அந்த வீட்டோடு ஏன் பேச்சுவார்த்தை இல்லை என்பதெல்லாம் அவரிடம்தான் இருக்கும். இந்தக் காரணத்துக்காகவே, அவர் இருக்கும்வரை பழஞ்சாமான்களை விலைபேச வேண்டாம் என்று உங்கள் அப்பச்சியிடம் சொல்லுங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் அடுக்கியிருக்கும் சாமான்களைப் பார்க்கும்போதெல்லாம், சொல்லுக்குப் பிடியாக இருந்த பொருள் சொல்லை விட்டுப் பிரிந்து வந்திருக்கிறதே என்று என் மனம் கனக்கும்.

நேரம் காலையாக இருக்கட்டும். வெயில் இறங்கிய பின் பல முதியவர்களுக்குக் குழப்பம் கூடும். அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். பேசுவது ஒருவர், கேட்பது ஒருவர் அல்லது இருவர். மின்விசிறிச் சத்தமும் தொலைக்காட்சியும் இல்லாத அறை. அவர் உங்கள் முகத்தைப் பார்க்கும்படி வெளிச்சம் உங்கள் மேல் விழட்டும். பதிவுசெய்யப்போகிறீர்கள் என்றால் அவரிடம் சொல்லிவிட்டு, குரலை மட்டும், போனைத் தாழ்வாரத் தூணோரம் வைத்துப் பதியுங்கள். ஒளித்து வைத்துப் பதியாதீர்கள்.

நீங்கள் கடிதத்தின் ஓரத்தில் ஒரு வரி சேர்த்திருந்தீர்கள்: அப்பத்தாவின் அப்பச்சி பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர், ஆனால் அதைப் பற்றிக் கேட்டால் ஒரே வரியில் முடித்துவிடுகிறார் என்று. அதை அவர் மறைக்கிறார் என்று நினைக்காதீர்கள். 1941 டிசம்பர் 23-ஆம் நாள் ரங்கூன்மேல் குண்டு விழுந்தது. அடுத்த மார்ச்சில் நகரம் ஜப்பானியர் கைக்குப் போனது. லட்சக்கணக்கான இந்தியர்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் காட்டையும் மலையையும் கடந்து நடந்து வந்தார்கள். அப்போது உங்கள் அப்பத்தாவுக்கு நான்கைந்து வயது. அவர் இருந்ததோ இங்கே, வளவில். அந்த நடையைப் பார்த்தவர் அவர் இல்லை. ரங்கூன் மொகல் தெருவில் இருபது வயதில் கடையில் அடுத்தாளாக (உதவியாளாக) இருந்த ஒருவர் இன்று உயிரோடு இருந்தால் 103 வயது ஆகியிருக்கும். அந்தத் தலைமுறையிடம் கேட்கும் காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. உங்கள் அப்பத்தாவிடம் இருப்பது வேறொன்று, யாரும் பெரும்பாலும் எழுதிவைக்காத ஒன்று: கடிதம் வராத மாதங்களில் அவருடைய ஆத்தா என்ன செய்தார், அடுப்படியில் பேச்சு எப்படிக் குறைந்தது, வாசலில் ஆள் நிழல் தெரிந்தால் யார் முதலில் எழுந்து ஓடினார்கள், வந்தவரை அடையாளம் தெரிந்ததா. நடந்த வழியைக் கேட்டால் ஒரு வரிதான் வரும். காத்திருந்ததைக் கேளுங்கள். கேட்டு, அவர் கண் கலங்கினால், அடுத்த கேள்விக்குப் போகாமல் சும்மா பக்கத்தில் இருங்கள்.

அவர் சொல்வதில் பிழைகள் இருக்கும். ஒரு நிகழ்ச்சியைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் மனம் அதைச் சற்றே மாற்றிப் புதிதாக அடுக்கி வைக்கிறது; இது முதுமையின் குறையன்று, முப்பது வயதிலும் அப்படித்தான். வயது, தேதி, தொகை, குடும்பங்களை எண்ணும் புள்ளிக் கணக்கு ஆகியவற்றைக் கோயில் பதிவேட்டிலும் சிட்டையிலும் பின்னர் நீங்கள் ஒத்துப் பார்த்துக்கொள்ளலாம், அதை அவர் முன்னிலையில் செய்ய வேண்டாம். நம் பகுதியில் இதற்கு ஒரு முன்னோடி உண்டு. கோட்டையூரில் இருந்துகொண்டு ரோஜா முத்தையா தன் வாழ்நாளெல்லாம் சேர்த்த பழைய புத்தகங்களும் பத்திரிகைகளும் அழைப்பிதழ்களும் அறிவிப்புத் தாள்களும், அவர் 1992-இல் மறைந்த பின், சென்னையில் 1994-இல் தொடங்கிய ஆராய்ச்சி நூலகத்துக்கு அடிப்படையாயின. தாள்கள் அப்படித் தப்பிக்க வழியுண்டு. அந்தத் தாளில் உள்ள கல்யாணத்தில் மணப்பெண் ஏன் அழுதாள் என்பதற்கு மட்டும் ஆள் வேண்டும். உங்கள் அப்பத்தாவின் வயதொத்த ஒருவர், அவர் கூடப் பிறந்தவரோ ஒன்றாகக் கொப்பி கொட்டிய தோழியோ, அருகில் எந்த ஊரிலாவது இருந்தால் வண்டி வைத்து அழைத்து வந்து இருவரையும் சேர்த்து உட்கார வையுங்கள். ஒருவர் விட்டதை மற்றவர் எடுப்பார். "அது அப்படியில்ல" என்று இருவரும் வாதாடும்போது வெளிவருவதைப் போன்ற செய்தி எந்தக் கேள்விக்கும் வராது.

அவர் சொல்லாமல் விடும் உரிமையையும் நீங்கள் காக்க வேண்டும். எந்த வீட்டில் யார் பிள்ளை கூட்டிக்கொண்டார்கள் (தத்தெடுத்தார்கள்), எந்தப் பாகப்பிரிவினையில் யார் மனம் நொந்தார்கள் என்பவை இன்னும் உயிரோடு இருப்பவர்களைத் தொடும் செய்திகள். அவற்றை அவர் உங்களிடம் சொன்னால், நம்பிச் சொல்லியிருக்கிறார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம். எதை யார் கேட்கலாம் என்று அவரிடமே கேட்டு, அவர் சொன்னபடி குறித்து வையுங்கள்.

உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு முறை வந்துபோகும் அந்த உதவிக்கார அம்மாவைப் பற்றியும் ஒரு சொல். முப்பது ஆண்டுகள் என்பது, உங்கள் அப்பத்தாவுடன் உங்களில் எவரும் இருந்ததைவிட நீண்ட காலம். எந்தக் கதையை எத்தனை விதமாகச் சொல்வார், எந்தப் பெயரைக் கேட்டால் முகம் மாறும், எந்தப் பாட்டைத் தனியாக இருக்கும்போது முணுமுணுப்பார் என்பதை அறிந்தவர் அவர். அவருக்கென்று ஊர் நினைவுகளும் உண்டு: ஊருணிக்குத் தண்ணீர் எந்த வரத்துக்கால் வழியாக வந்தது, எந்த வருடம் அது அடைபட்டது, சாமான் பரப்பிய கல்யாணங்களுக்குப் பின்கட்டில் எத்தனை பேர் எத்தனை நாள் மாவிடித்தார்கள் என்பவை. வீட்டைக் கட்டிய கொத்தனார், தச்சர் வழிவந்தவர்களும் கண்டாங்கி நெய்தவர்களும் அதே ஊர்களில் முதுமையில் இருக்கிறார்கள். செட்டிநாட்டின் நினைவு என்று சொல்லி முகப்பில் இருப்பவர்களிடம் மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவது, பாதி ஏட்டைக் கிழித்துவிட்டு மீதியைப் படிப்பது போன்றது. அவரிடமும் கேளுங்கள், அதற்கான நேரத்தை வேலை நேரமாகவே கணக்கிட்டுக் கூலி கொடுங்கள்.

சென்னைக்கு அழைத்துச் செல்வது பற்றி: இப்போது வேண்டாம் என்பது என் கருத்து. மறதி தொடங்கியவருக்கு இடம் மாறுவது பெரும்பாலும் நிலையை மோசமாக்குகிறது. எழுபது ஆண்டுகள் நடந்து பழகிய வீட்டில் இருட்டிலும் கால் வழி அறிந்து போகும். அடுக்குமாடிக் குடியிருப்பில் அந்தக் கால் கழிவறையைத் தேடி இரவில் தவறான கதவைத் திறக்கும். ஆனால் தனிமையும் விழுந்து இடுப்பெலும்பு முறிவதும் அதே அளவு ஆபத்தானவை, அவற்றை மூடி மறைத்துவிட்டு நான் இதைச் சொல்லவில்லை. ஆகவே அவர் புழங்கும் இடத்தை முகப்பை ஒட்டிய இரண்டு மூன்று அறைகளுக்குள் சுருக்கி, மேற்கத்திய வகைக் கழிவறை ஒன்றை அருகிலேயே அமைத்து, சுவரில் பிடிகம்பி பொருத்துங்கள். நிலைப்படிகளின் விளிம்பில் பளிச்சென்ற வண்ணம் பூசி, இரவெல்லாம் ஒரு சிறு விளக்கை எரிய விடுங்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரைக்கு எண்ணெய் போட்டுத் துடைக்கும் வழக்கத்தை அவர் நடக்கும் இடங்களில் நிறுத்துங்கள். உதவிக்கார அம்மாவுக்கும் வயதாகியிருக்கும். இரவுக்கு இன்னோர் ஆள் தேவை. உடல்நல அவசரத்துக்கு 108 என்ற எண்ணையும், உதவிக்கும் ஆலோசனைக்கும் முதியோருக்கான 14567 என்ற கட்டணமில்லாத எண்ணையும் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள். மாதம் ஒருமுறை உங்களில் ஒருவர் இரண்டு நாள் தங்குவது என்று முறை வைத்துக்கொள்ள முடிந்தால் நல்லது. அதற்கு யாரும் தயாராக இல்லை என்றால் என் ஆலோசனை மாறும். ஆளில்லாத பெரிய வீட்டைவிட ஆளிருக்கும் சிறிய வீடு மேல். அப்போதும் முதலில் பத்து நாள், பின் ஒரு மாதம் என்று பழக்கி, அவருடைய கட்டிலையும் விளக்கையும் சாவிக்கொத்தையும் உடன் கொண்டுபோங்கள்.

கட்டாயப்படுத்துவது சரியா என்ற கடைசிக் கேள்விக்கு விடை, கூடாது என்பதுதான். அதற்கு முன் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. ஊருக்குப் போய், அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அன்றைக்கு மண்டபத்தில் நானும் சிரித்துவிட்டேன், தப்பு என்று சொல்லுங்கள். முதியவர்களிடம் மன்னிப்புக் கேட்பதற்குப் பதிலாகச் சேலையும் பழமும் வாங்கிக்கொண்டு போவது நம் வழக்கம். இந்த முறை வாய்விட்டுச் சொல்லுங்கள், காது கேட்கும்படி, எதிரில் உட்கார்ந்து. அவர் பேச்சை மாற்றினால் மாற்றட்டும்.

திருக்கார்த்திகைத் தீபத்திலிருந்து 21-ஆம் நாள் பிள்ளையார் நோன்பு வருகிறது. 21 நூலிழைகளைச் சேர்த்துத் திரித்து, இனிப்பு மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்ளும் இழையை உங்கள் வீட்டில் யார் செய்வது வழக்கம் என்று நீங்கள் எழுதவில்லை. இந்த ஆண்டு சென்னையில் கூடாமல், அத்தனை பேரும் ஊரில் கூடுங்கள். மாவு எந்தப் பக்குவத்தில் இருக்க வேண்டும், திரியை எப்படித் திரிப்பது, யார் யாருக்கு எந்த வரிசையில் எடுத்துக் கொடுப்பது என்று முன்னதாக யாரும் போனில் பார்த்துத் தயாராகிவிடாதீர்கள். உங்கள் மகளை மட்டும் நூலோடு அப்பத்தாவிடம் அனுப்புங்கள். அன்றைக்குப் பதிவு எதுவும் வேண்டாம்.

காதுப் பரிசோதனை, இரத்தப் பரிசோதனை முடிவுகள் வந்ததும் எனக்கு எழுதுங்கள். மேற்கொண்டு என்ன செய்வது என்பதை அவற்றை வைத்துச் சொல்கிறேன்.